மேசையில் இருந்து எடுத்த கேக்

ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு ஓவனை வைத்துக்கொண்டு கேக் செய்ய ஆரம்பித்தபோது நான் போர்டு எதுவும் மாட்டவில்லை. முதலில் தோட்டத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள்களுக்குத்தான் செய்தேன். பிறகு சிங்களப் பாடசாலை அதிபர் அம்மா ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்கினார். அவர் சொல்லி நாலைந்து ஆசிரியைகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சொல்லித்தான் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அக்கா எனக்குப் போன் செய்தார்.

அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். நடுவில் மாம்பழ கிரீம் வைத்த இரண்டு அடுக்கு கேக் வேண்டும் என்றார். அவர் கேட்ட ஒரே கேள்வி, ஜெலட்டின் ஹலால்தானே என்பது. ஆமாம் என்றேன். பொய் சொல்லவில்லை. ஹலால் முத்திரை போட்ட பெட்டியைத்தான் நான் எப்போதும் வாங்குவேன்.

அன்று மதியத்துக்கு முன்பே கேக்கைக் கொண்டுபோய்ப் பெரிய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். விசேஷம் நாலு மணிக்கு. வீட்டுக்கு வந்து மேசையைத் துடைக்கும்போது, ரப்பர் வளையம் போட்ட வெள்ளைப் பொலித்தீன் பை ஒன்று கையில் பட்டது. அதில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் கடையில் ஜெலட்டின் பெட்டி முடிந்துவிட்டது. கடைக்காரர் பெரிய பையிலிருந்து நிறுத்துக் கொடுத்தார். இதுவும் அதே சாமான்தான் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உடனே கடைக்குப் போன் போட்டேன். அது வேறு ஆளிடம் எடுத்தது, மாட்டில் செய்ததா பன்றியில் செய்ததா என்று தனக்கும் தெரியாது என்றார் அவர்.

சாப்பிட வந்திருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளைத் தப்பாகச் சொல்ல முடியாது. அந்த ஓவனைப் படிக்கட்டு வழியாகத் தோளில் தூக்கி வந்தவர் அவர்தான்.

“யாருக்குத் தெரியப் போகுது? நீயே போய்ச் சொன்னா, இனி டவுன்ல ஒருத்தரும் ஒன்கிட்ட வாங்க மாட்டாங்க.”

அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்த அக்கா கேட்ட விதம் காதிலேயே நின்றது. அவர் வேறெதையும் கேட்கவில்லை, விலையைக்கூடப் பிறகுதான் கேட்டார். மூன்று முறை அழைத்தேன். விசேஷ வீட்டில் யார் போனைக் கவனிப்பார்கள்? மணி இரண்டரை.

அதிபர் அம்மாவுக்கு அன்று மாலை கொடுக்க வேண்டிய பட்டர் கேக் தயாராக இருந்தது. அவருக்குப் போன் செய்து சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். கமக் நே, பரவாயில்லை, எனக்கு நாளைக்குத் தந்தால் போதும் என்றார். அந்தக் கேக்கையும், அதற்குப் போட்ட சாமான்களின் பைகள், போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். மழை. மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கமாகத்தான் வாகனம் விட்டார்கள். எங்கள் முன்னால் இரண்டு பஸ்களும் ஒரு தேயிலைக் கொழுந்து லொறியும் நின்றன. நான் மடியிலிருந்த கேக் பெட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு நிமிடமும் போனில் நேரம் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் நேரத்தோடே வந்துவிட்டார்கள். பின்பக்கமாகக் குசினிக்குள் போய் அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வந்தவரிடம் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “பண்டியா?”

“தெரியலைங்கக்கா. தெரியாததுனாலதான் ஓடி வந்தேன்.”

உள்ளே போனார். ஏன் எடுக்கிறாய் என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முழுக் கேக்கையும் தானே தூக்கிக்கொண்டு வந்து குசினி மூலையில் வைத்தார். பிறகு என் கூடையைத் தன் பக்கம் இழுத்து, பட்டர் கவர், மா பை, வனிலா போத்தல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். வனிலாவை இரண்டு தடவை. கடைசியில் பட்டர் கேக்கை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் வந்த வழியே வெளியேறினேன்.

அதற்குப் பிறகு டவுனிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. ஒரு ஆசிரியை காரணம் சொல்லாமல் ஓடரை நிறுத்தினார். கணவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. ஓவனை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். பலாங்கொடையிலிருந்து ஒரு பெண் பேசினார். கல்யாண கேக். நான் முந்திக்கொண்டு ஜெலட்டின் பெட்டியின் படத்தை அனுப்புகிறேன் என்றேன்.

“படம் தேவல்ல. ஓடி வந்து கேக்கை வெட்ட விடாம நிப்பாட்டின புள்ள நீங்கதானே?” என்றார்.

அவருக்குப் பின்னால் பெல்மடுல்லவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரையும் அனுப்பியது துணிக்கடை அக்காதான் என்று தெரிந்ததும், துணி வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அளந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

“நான் இனி ஒங்ககிட்ட வாங்க மாட்டேன் புள்ள. அண்டைக்கு மாப்புள வீட்டாக்களுக்கு முன்னால எனக்குப் போன மானம் எனக்குத்தான் தெரியும். ஆனா யாரும் கேட்டா, ஒங்ககிட்டதான் போகச் சொல்லுவேன்.”

சரிங்கக்கா என்றேன். இன்றுவரை அவர் என்னிடம் வாங்கியதில்லை. மகளின் கல்யாணத்துக்கும் கொழும்பிலிருந்துதான் கேக் வந்தது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கல்யாண வாரத்திலேயே அவர் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு மூன்று பேர் எனக்குப் போன் செய்தார்கள்.