பன்னிரண்டு பெட்டி புஸ்வாணத்துக்காகத் தாயில்பட்டி போன கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரை ஏமாற்ற நான் அடுக்கி வைத்த காலிப் பெட்டிகளை நானே சரக்கு என்று எண்ணிவிட்டேன்.

பட்டாசுக் கடைக்காரர்களுக்கு இது புரியும். கடை நிறைந்து தெரிந்தால்தான் ஆள் உள்ளே வருவார்கள். அதனால் புஸ்வாணம், சக்கரம் என்று பெயர் பளிச்சென்று தெரிகிற போன வருடக் காலி அட்டைப் பெட்டிகளை மறுபடி ஒட்டி, சரக்குப் பெட்டிகளோடு கலந்து அடுக்குவோம். காற்றில் சரியாமல் இருக்க, அடிவரிசைப் பெட்டிகளுக்குள் மூன்று மூன்று செங்கல் போட்டு வைப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிழைத்துப் போகவிட்ட ஆள் நான். ஆனாலும் பதினாறு வரை எண்ணத் தெரியும். புஸ்வாணம் பதினாறு பெட்டி என்று நோட்டில் எழுதியிருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை சாயங்காலம் இறக்கிப் பார்த்தால் நாலுதான் சரக்கு. மீதிப் பன்னிரண்டில் பரமக்குடிக் காற்று.

மற்ற வருடமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருடம் ஸ்டெல்லா நர்ஸ் இருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், அக்கம்பக்கத்து வீடுகள் என்று இருநூற்று நாற்பது பேரைச் சேர்த்துத் தீபாவளிச் சீட்டு நடத்துகிறவர். போன வருடம் வேறொரு கடையில் கொடுத்து, பாதிப் பேருக்குப் பெட்டியில் புஸ்வாணமே இல்லாமல் போய், பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்ட கேள்வி ஊருக்கே தெரியும். "இனி சீட்டே வேண்டாம்னு இருந்தேன், அண்ணே. உங்கள நம்பித்தான் மறுபடி எடுத்திருக்கேன்" என்று ஆனி மாதமே சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விநியோகம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. என் கையில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும்.

காலை 5.10க்குப் பரமக்குடியில் பஸ். அருப்புக்கோட்டை 66 கிலோமீட்டர், டிக்கெட் 65 ரூபாய், இறங்கும்போது 7.05. அங்கிருந்து விருதுநகர் 20 ரூபாய், பிறகு சிவகாசிக்கு 28 ரூபாய். விருதுநகரில் ஒரு டீ குடித்ததோடு சரி. எண்ணெய்ப் புரோட்டா ஊரில் இறங்கி வெறும் டீயோடு திரும்பிய பாவம் என்னோடு போகட்டும். ஆனைக்குட்டம் பக்கம் பஸ் போகும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மழை வந்தால் நல்லது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், துணி காயப் போட்டிருக்கீகளா?" என்று கேட்டார். பட்டாசு வாங்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு மழையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

8.50க்குச் சிவகாசி. மூன்று மொத்தக் கடை ஏறி இறங்கினேன். மூன்று நாளாக விட்டுவிட்டு மழை; புஸ்வாணம் வெயிலில் காயாமல் பெட்டிக்குள் போகாது. கம்பி மத்தாப்பு வேண்டுமா, ராக்கெட் வேண்டுமா என்றார்களே தவிர, நான் கேட்ட புஸ்வாணம் யாரிடமும் இல்லை. மூன்றாவது கடைக்காரர்தான் தாயில்பட்டியில் ஒரு குடோனில் இருக்கும், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். 18 கிலோமீட்டர். ஆட்டோ, காத்திருந்து கூட்டி வர 900 ரூபாய். டிரைவர் முத்துப்பாண்டி வழியெல்லாம் தைரியம் சொன்னார். அவர் சொன்ன தைரியம் இது: "போன வாரம் இதே மாதிரி ஒருத்தரக் கூட்டிட்டுப் போனேன், அண்ணாச்சி. வெறுங்கையோடத்தான் வந்தாரு. ஆனா நல்ல மனுசன்."

10.30க்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். போன், தீப்பெட்டி எல்லாம் வாட்ச்மேனிடம் கொடுத்து, செருப்பைக் கழற்றி, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். கேட்டிலிருந்து குடோன் முந்நூறு அடிக்குமேல்.

சரக்குக் கணக்கு பார்ப்பவர் ஜெயராணி என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். பின்னால் புஸ்வாணப் பெட்டிகள் இடுப்பளவு நின்றன. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சுவரில் அதே உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. சரக்கு குறைந்து அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் புது ஆளுக்குக் கிடையாது. ஆடி மாதமே ஆர்டர் கொடுத்தவர்களுக்கு என்று நிற்பது அது. மழையில் உற்பத்தி நின்றாலும் வாக்குத் தவறாமல் இருக்க அந்தக் கோடு. இனிக்க இனிக்கப் பேசிப் பார்த்தேன்.

"கோட்டுக்குக் கீழ இருக்கத எங்க முதலாளி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன், அண்ணாச்சி" என்றார். பிறகு என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "பதினாறுன்னு எழுதியிருக்கீகளே. தூக்கிப் பாத்து எழுதுனீகளா, நின்னு பாத்து எழுதுனீகளா?"

"நின்னு பாத்துத்தான், தாயி."

"அப்ப அது சரக்குக் கணக்கு இல்ல. அட்டைக் கணக்கு."

ஸ்டெல்லா நர்ஸ் விஷயத்தைச் சொன்னேன். ஜெயராணி சிரிக்காமல் கேட்டுவிட்டு, "உங்ககிட்ட எது மிச்சம் கெடக்கு?" என்றார். தரைச்சக்கரம் முப்பது பெட்டி கூடுதலாக வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். உடனே சுவரில் மாட்டியிருந்த ஆர்டர் பலகையைப் பார்த்தார். ராமநாதபுரம் கடை ஒன்றுக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் புஸ்வாணம் நாற்பது இருக்கிறது. கேட்ட சக்கரம் கிடைக்கவில்லை. லாரி பரமக்குடி வழியாகத்தான் போகிறது. ராமநாதபுரத்துக்காரர் சம்மதித்தால் பன்னிரண்டு பெட்டியை என் குடோனில் இறக்கிவிட்டு, அங்கேயே பதினைந்து பெட்டி சக்கரத்தை ஏற்றிக்கொள்ளலாம். பில் இரண்டு பக்கமும் மாற்றிப் போட வேண்டும். லாரி கிளம்பினால் மாற்ற முடியாது.

போன் கேட்டில் இருக்கிறது. வெறுங்காலோடு ஓடினேன். ராமநாதபுரத்து அண்ணாச்சி முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. அப்போது மேற்கே இடி. இடி கேட்டால் ஒரு பெட்டிகூட அசையக் கூடாது. சுமை தூக்குகிறவர்கள் இறக்கி வைத்துவிட்டு வரிசையாகத் தூரத்துக் கொட்டகைக்கு நடந்தார்கள். ஜெயராணியும் நடந்தார். மூன்றாம் முறை அண்ணாச்சி எடுத்தார். நான் விருதுநகரிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன்.

"சக்கரம் இருக்கா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். இருக்கு என்றேன். "அப்ப எறக்கிக்கோங்க."

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கொட்டகையில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. இருட்டினால் பட்டாசு இறக்கக் கூடாது. பரமக்குடி 130 கிலோமீட்டர் சொச்சம். பில் கைக்கு வந்து லாரி கிளம்பும்போது மணி 1.15. பட்டாசு லாரியில் வெளியாள் ஏறக் கூடாது என்பதால் நான் ஆட்டோவும் பஸ்ஸுமாகத் துரத்தினேன்.

அருப்புக்கோட்டை தாண்டி பஸ் ஜன்னலில் பார்க்கிறேன், லாரி ஓரமாக நிற்கிறது. டிரைவர் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பஸ் நிற்கவில்லை. போன் போட்டேன். "காத்து கொஞ்சம் கம்மி, அண்ணே. நீங்க பதறாதீக, நான் பதறிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

5.25க்கு இறங்கினேன். 5.40க்கு லாரி வந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, பன்னிரண்டு புஸ்வாணமும் இறங்கின. ஜெயராணி சொன்ன பாடம் நினைவிருந்ததால், சக்கரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக என் கையால் தூக்கிப் பார்த்துத்தான் ஏற்றினேன். எல்லாமே நல்ல கனம். 6.05க்கு லாரி போயிற்று.

இந்தப் பயணம் போகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி வாரத்தில் சிவகாசிக்குச் சரக்கு தேடிப் போகாதீர்கள்; ஆடியிலேயே சொல்லி வையுங்கள். போனால் விடிவதற்குள் பஸ் ஏறுங்கள். வாங்கிய பட்டாசைப் பஸ்ஸில் கொண்டுவர நினைக்காதீர்கள், கண்டக்டர் பையைத் தடவிப் பார்ப்பார். எது குறைகிறது என்று மட்டும் எழுதாமல், எது தேங்கிக் கிடக்கிறது என்றும் எழுதி எடுத்துப் போங்கள். என்னைக் காப்பாற்றியது என்னிடம் இருந்த சரக்கு இல்லை, நான் தலையில் கட்டிக்கொண்ட அதிகப்படிச் சரக்கு. உங்கள் கடைச் சுவரிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அதைத் தொடுகிற அன்றே ஆர்டர் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு விநியோகம் நடந்தது. ஸ்டெல்லா நர்ஸ் எல்லோர் முன்னாலும் ஒரு பெட்டியைப் பிரித்து, புஸ்வாணத்தை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி மூடினார். வாசலில் யாரும் நிற்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு ராமநாதபுரத்து அண்ணாச்சி போன் செய்தார். பதினாலு பெட்டியில் சக்கரம் சரியாக இருந்ததாம். பதினைந்தாவதில் மூன்று செங்கல் இருந்ததாம். அதில் ஒன்று விரிசல் விட்டிருந்ததாம்.