காயலான் கடை டேங்கும் கல்யாண மண்டபமும்

பழைய டேங்கை வெந்நீர் டேங்காக மாற்றுகிற தொழிலில் ஒரு தொல்லை உண்டு: முன்னே எதைச் சுமந்ததோ, அதை டேங்க் லேசில் விடாது. இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

ஊரெல்லாம் இடஒதுக்கீட்டுப் பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியில் வெல்டிங் கடை வைத்திருந்தேன். காயலான் கடையில் கிடைக்கிற டேங்கைக் கழுவி, ஓட்டை அடைத்து, குளியலறைச் சுவரில் உயரமாக ஏற்றுவேன். சமையல் அடுப்புக்குள் காப்பர் பைப்பைச் சுருட்டி வைத்து அதோடு இணைத்துவிடுவேன். சோறு வேகிற நெருப்பிலேயே குளிக்கத் தண்ணீரும் சுடும் என்பது என் கணக்கு. அப்போது எலவனாசூர்கோட்டை கோவிந்தசாமியின் மகள் தனத்தை எங்கள் வீட்டில் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். "மொதல்ல தொழில்ல நல்ல பேரு எடு தம்பி. அப்பால தேதி வெச்சிக்கலாம்" என்றார் அவர். அவர் வீட்டிலேயே ஒரு டேங்கை மாட்டிக் கொடுத்துவிட்டு, நானும் வெளியூரில் பேரெடுக்கப் புறப்பட்டேன்.

எறும்பு வந்த வீடு

முதலில் திருக்கோவிலூரில் ஒரு வாத்தியார் வீடு. மொலாசஸ் இருந்த டிரம் ஒன்றை மாட்டினேன். மொலாசஸ் என்றால் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகு. கழுவித்தான் மாட்டினேன், சத்தியமாக. ஆனால் அடி மடிப்பில் ஒட்டியிருந்த பாகு, சூடு ஏறின பிறகு நிதானமாக இளகி வந்திருக்கிறது. குளியலறை முழுக்க எறும்பு. வாத்தியார் சோப்புப் போடப் போட உடம்பு பிசுபிசுத்ததாம். தெருவே கூடி நிற்க, டிரம்மைக் கழற்ற ஏணியில் ஏறினேன். கீழே நின்று முதுகைச் சொறிந்துகொண்டே வாத்தியார் சொன்னார்: "பாயசம்னு முன்னாடியே சொல்லியிருந்தா, முந்திரியாவது வறுத்துப் போட்டிருப்பேனேப்பா."

டீசல் குளியல்

அடுத்தது களமருதூர் நிலக்காரர் ஒருவர். அவருக்கு லாரி டீசல் டேங்க். இந்தத் தடவை சோடா உப்புப் போட்டு, மணல் போட்டு, கை தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தேன். மூக்கை வைத்துப் பார்த்தேன், வாசனை இல்லை. பச்சைத் தண்ணீருக்கு வாசனை வராது, சூடானால்தான் வரும் என்பது மறந்துபோயிற்று.

ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் மனுஷர் என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் கோவிந்தசாமிக்குச் சொந்தக்காரர்கள். வெல்டிங் முகமூடியைப் போட்டு மூஞ்சியை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவர் சத்தமாகவே சொன்னார்: "குளிச்சிட்டு வந்தா எம் பொண்டாட்டி அடுப்பாண்டயே சேக்க மாட்டேன்றா. எட்டப் போய் நில்லு, பத்திக்கினு எரியப் போறன்றா. இன்னாத்த மாட்டிக் குடுத்த நீ?"

மலையடிவாரத்தில்

போன பேரை மீட்க ஒரு வழி வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை டீக்கடைக்காரர் வீட்டில் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். மேலே நல்ல குளிர், சீக்கிரம் ஒரு டேங்க் வேண்டும் என்றார். அதே வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் போராட்டம். மறியலுக்கு வரச்சொல்லி கோவிந்தசாமி ஆள் அனுப்பினார். முக்கியமான வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். பஸ் ஓடவில்லை, வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். டேங்கை சைக்கிள் கேரியரில் கட்டி, காப்பர் பைப் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தையும் சைக்கிளைத் தூக்கித் தாண்டி அடிவாரம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே போலீஸ் நின்றது. கள்ளச் சாராயத்துக்குப் பேர்போன அந்த மலைக்கு டேங்கும் சுருள் பைப்புமாக ஒருத்தன் ஏறினால் எதற்கு ஏறுகிறான் என்று ஊருக்கே தெரியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. சாராயம் காய்ச்சவும் இதே சாமான்தான் வேண்டும். வெந்நீருக்குத்தாங்க, பச்சை உடம்புக்காரி குளிக்கத்தாங்க என்று கெஞ்சினேன். ஏட்டு டேங்குக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க வூட்ல வெந்நி அண்டாலதான்டா வெப்பாங்க. ஏறு ஜீப்புல."

கல்யாண மண்டபத்தில்

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இறக்கி, டேங்கை என் தலையிலேயே ஏற்றி நடக்கவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஸ்டேஷனில் இடமில்லை. மறியலில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்திருந்தார்கள், என்னையும் அதற்குள்ளேயே தள்ளினார்கள். "வா தம்பி, எந்த ஊரு மறியல்?" என்று ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். பின்னாலிருந்து ஏட்டு, "இவன் சாராயக் கேஸு" என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஜமக்காளத்தில் முதல் ஆளாக கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். முக்கியமான வேலை என்று சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பே கூசிவிட்டது. தனம் இனி நமக்கில்லை என்று நினைத்தேன். அழுகை வந்தது, டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் எல்லாரையும் விட்டார்கள், என்னை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். வாசல் வரைக்கும் போன கோவிந்தசாமி திரும்பி வந்தார். "இவனைத் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். கோவிந்தசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "எங்க மாப்பிள்ளதாங்க. எங்க வூட்லயும் ஒரு டேங்கு மாட்டிக் குடுத்தான். வண்டி வெறகு எரிச்சாச்சி, இன்னும் வெந்நியே வந்தபாடில்ல. இவன் எங்கங்க சாராயம் காய்ச்சப் போறான்?"

தொழில் தெரியும் என்று சொல்லித்தான் பெண் கேட்டேன், தெரியாது என்று மாமனாரே போலீசில் சாட்சி சொன்ன பிறகுதான் பெண் கிடைத்தது.