நூலகப் புத்தகத்தில் வைத்த பொட்டு

சாமி என்று நினைக்காமல், கைப்பழக்கத்தில் வைத்துவிட்ட குங்குமப் பொட்டைப் பூசை என்பதா, கறை என்பதா? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

ஜெர்மனியின் வுப்பர்டாலில், அன்ராக் என்று நாங்கள் சொல்லும் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல், விடுதி அறை ஒன்றில் நானும் கணவரும் ஒன்றரை வயது மகளும் இருந்த காலம். பின்னேரங்களில் தேவாலய மண்டபத்துக்கு டொச் மொழி படிக்கப் போவேன். யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. அதற்காகத் தானே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு எனக்கு நூலக அட்டையும் எடுத்துத் தந்தார்.

நூலகத்தில் முதலில் கையில் பட்டது ஒரு கனத்த படப் புத்தகம். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஸ்பானிய ஓவியர் ஒருவருடையது. கிழிந்த உடுப்புடன் இரண்டு தெருப் பையன்கள் முந்திரிகைக் குலையும் முலாம்பழமும் தின்கிறார்கள். ஒருவனின் கன்னம் உப்பியிருக்கிறது. சோற்றைக் கண்டாலே தலையைத் திருப்பும் என் மகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் தானாக வாயைத் திறந்தாள். உடனே ஒரு வாய் சோற்றை ஊட்டிவிட்டேன். அன்றிலிருந்து புத்தகத்தை விரித்து வைத்துத்தான் சோறு தீத்தினேன்.

அவள் உறங்கும்போது அகராதியோடு அவருடைய வாழ்க்கையை வாசித்தேன். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து அக்காவின் வீட்டில் வளர்ந்தவர். பெற்ற பிள்ளைகளில் சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அதன் பிறகும் குழந்தைகளையும் மாதாவையும் அவ்வளவு அன்பாக வரைந்திருக்கிறார். சோறு குழைந்தது கூடத் தெரியாமல் வாசித்தேன்.

பேச வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. மகளுக்கு எட்டாதபடி, மாதாவும் குழந்தையும் இருந்த பக்கத்தை விரித்துப் புத்தகத்தைச் சாமித்தட்டில் நிறுத்தியிருந்தேன். காலையில் முழுகி விளக்கேற்றி, பிள்ளையார், முருகன், அம்மன் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போன விரல் நான்காவதாக மாதாவின் நெற்றியிலும் வைத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். புருவம் வரை சிவந்தது.

கணவர் முகச்சவரம் செய்தபடி எட்டிப் பார்த்தார். "பொட்டோட விட்டிட்டீர்? ஒரு தேவாரமும் பாடிவிடும்."

"பகிடி விடாதேங்கோ. ரீச்சர் கையெழுத்து வைச்ச புத்தகம். அகதிகள் பொருளைப் பழுதாக்கினம் எண்டு எழுதினா எங்கட அன்ராக் என்னாகிறது?"

"அன்ராக் பாக்கிறவனுக்குப் பொட்டுப் பாக்கிறதோ வேலை?"

வகுப்பில் பேசத் தொடங்கியதும் பயம் மறந்துவிட்டது. முதுமையில் ஒரு தேவாலயத்துக்காக வரையும்போது சாரத்திலிருந்து விழுந்தார், பிறகு எழும்பவேயில்லை என்று சொல்லும்போது என் டொச் தடக்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதாவின் படத்தைக் காட்டும்போது மட்டும் நெற்றியைப் பெருவிரலால் மறைத்தேன்.

"விரலை எடு, முகம் தெரியவில்லை," என்றார் முன்வரிசை ஈரானியப் பெண்.

எடுத்தேன். நடந்ததை ஒன்றும் விடாமல் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உன் மகளுக்கும் இப்படி வைப்பாயா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

"புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார். நூலகத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன கிழமை மகளுடன் நூலகத்துக்குப் போனேன். அதே தட்டில் அந்தப் புத்தகம். விரித்துப் பார்த்தேன், பொட்டு மங்கவேயில்லை. "அம்மா, இவவும் பொட்டு வைச்சிருக்கிறா," என்று மகள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். புத்தகத்தைச் சட்டென்று மூடினேன், ஆனாலும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

கடதாசியில் பட்ட குங்குமத்தை எடுக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நூலகத்தாரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டுமா, எடுக்காமல் அப்படியே விட்டுவிடலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.