வலது ஸ்பீக்கரில் அம்மா

அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன கொஞ்ச நாளில், அப்பா ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஆபீஸ் நண்பர் வீடு மாற்றும்போது வேண்டாமென்று இரண்டு ஸ்பீக்கர்களோடு சேர்த்து விற்றது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அரிசி மூட்டை கனம் கனத்த அதை அப்பா மாரோடு அணைத்துத் தானே தூக்கிவந்து ஹாலில் வைத்தார். வியர்த்து வழிந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாம் ஒரு சி.டி.க்காகத்தான். முந்தின கிறிஸ்துமஸில் எங்கள் சபைப் பாடகர் குழு பாடியதை யாரோ பொறுப்பாகப் பதிவு செய்திருந்தார்கள். அம்மா அதில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், வலது ஓரத்தில் நின்று பாடியவள். வீட்டிலிருந்த சின்ன பிளேயரில் போட்டால் கூட்டமாக ஏதோ சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நல்ல செட்டில் கேட்டால் அவரவர் நின்ற இடத்திலிருந்தே பாடுவார்கள் என்றார் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஹாலின் வலது மூலையில் வந்து நின்று பாடப்போகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

பவர் ஆம்ப்ளிஃபையர் பலசாலியே தவிர தனியாக ஒன்றும் செய்யாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு குமிழ்கூட இல்லை. அதற்கு முன்னால் ப்ரீ ஆம்ப் என்று ஒன்று வேண்டும். அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கிவந்து, காலி பிஸ்கட் டின்னுக்குள் அதைத் தானே கட்டினார். இருப்பதிலேயே சத்தத்தை அதிகம் பெருக்கிக் கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்கியிருந்தார்.

"குடுக்கறதுதான் குடுக்குது, கொஞ்சம் தாராளமாவே குடுக்கட்டுமே" என்றார்.

உப்புமாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதே கைதான். அந்த வருஷம் நாங்கள் உப்புமாவைக் கரண்டியால் குடித்தோம்.

செட்டும் அப்படித்தான் ஆயிற்று. மாடித் தொட்டித் தண்ணீரைத் தம்ளரில் பிடிக்கிற கதை. குமிழைத் துளி திருப்பினாலே இடது ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். வலது பக்கம் கப்சிப். வாங்கிய குமிழ் மலிவானது, தொடக்கத்தில் இரண்டு பக்கத்தையும் சமமாகத் திறக்காது என்று அப்பா கண்டுபிடித்தார். வலது பக்கம் வாய் திறக்க இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அப்படித் திருப்பிய முதல் சாயங்காலம், அம்மாவின் குரல் ஒரு வரி கேட்டிருக்கும், காலிங் பெல் அடித்தது. வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"சார், கீய் வூட்ல பச்சக் கொயந்த கீது. தூக்கம் கலஞ்சி ஒரே அயுவ. கொஞ்சம் கொறச்சிக்கினீங்கன்னா நல்லாருக்கும்."

அப்பா குறைத்தார். அம்மா போய்விட்டாள்.

இயர்போனில் கேட்கலாமே என்று நான்கூடக் கேட்டேன். "அதுல கேட்டா பாட்டு காதுக்குள்ளதான் இருக்கும், வீட்டுல இருக்காதும்மா" என்றார். அவருக்கு அது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்தது அப்பாவின் முதுகைத்தான். ஸ்கூல் விட்டு வந்து, வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, டிவியைப் போட்டுவிட்டு ஆள் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டிருப்பேன். அப்பா வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பிஸ்கட் டின்னின் முன் உட்கார்ந்துவிடுவார். ஈயம் உருகும் வாசனை வரும். ரேங்க் கார்டை நீட்டினால் அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தோள் வழியாகத் திருப்பிக் கொடுப்பார். சமயத்தில் விசிலடிப்பார். இது சரியாகிவிட்டால் அப்பா என் பக்கம் திரும்பிவிடுவார், வலது மூலையில் அம்மாவும் வந்துவிடுவாள் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஜெபம் செய்தேன்.

சரியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தவர், உடம்பெல்லாம் கலர் கோடு போட்ட சின்னச் சின்ன ரெசிஸ்டர்களை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வைத்து இணைத்தார். ப்ரீ ஆம்ப் கொடுப்பதில் பெரும்பகுதியை அவை வழியிலேயே விழுங்கிவிடும், இனி குமிழைப் பாதி வரை பயமில்லாமல் திருப்பலாம் என்றார். திருப்பினார். சத்தம் மெதுவாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்தது. பாட்டு தொடங்குமுன் வலது மூலையில் அம்மா தொண்டையைச் செருமினாள். எப்போதும் செருமுவது போலவே. நான் ஓடிப்போய் அந்த ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டேன்.

முதல் பாட்டு முடியும்வரை அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் எழுந்து அணைத்தார். பால்கனிக்குப் போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்துவைத்தார். எல்லாம் ஈரத்துணி.

மறுநாள் நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது ரெசிஸ்டர்களைக் காணோம். ஆம்ப்ளிஃபையர் மேல் டவல் போர்த்தியிருந்தது. கேட்டதற்கு, "சவுண்ட் சரியில்லம்மா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு நாள் என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, கிடைத்ததைக் கழற்றிப்போடுகிறாரே என்று அன்று அவரோடு பேசவில்லை.

இப்போது நானும் வேறொரு ஊரில் தனியாக இருக்கிறேன், அதனால் புரிகிறது. வேலை செய்யாத செட்டோடு மல்லுக்கட்ட அப்பாவால் முடிந்தது. வேலை செய்யும் செட்டின் முன்னால் அவரால் உட்கார முடியவில்லை.

அப்பா ரெசிஸ்டர்களைக் கழற்றிய அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். அங்கே அவளுக்கு லீவு நாள். அப்பா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"செட்டு சரியாயிடுச்சா? நான் பாடுறது கேக்குதா?" என்றாள் ஆசையாக.

"கேட்டுச்சும்மா. நல்லா கேட்டுச்சு. அப்பாவுக்குத்தான் பிடிக்கல. பாதியிலயே ஆஃப் பண்ணிட்டாரு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்தேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.