ஏழாம் நம்பர் ஆப்பரேட்டர்

இதைக் கதைன்னு நினைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்தது 1985. செம்பவாங்ல ஒரு கப்பல் பட்டறை. அதுவும் பட்டப்பகல்ல.

இப்ப ஆளாளுக்குக் கையில ஃபோனை வெச்சுக்கிட்டு, முகம் தெரியாத யார்கூடவோ ராவும் பகலும் பேசுறீங்க. அந்தப் பக்கம் இருக்கிறது யாருன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? நான் யோசிச்சிருக்கேன். இன்னமும் யோசிக்கிறேன்.

என் பேரு பிரிஜட். கம்ப்யூட்டர் ரூம்ல டைப் பண்ற வேலை. அது ஜோடி வேலை. கப்பல் டேங்க்குள்ள பெயிண்ட் அடிக்க இறங்குறவங்க எப்ப உள்ள போனாங்க, எப்ப வெளிய வந்தாங்கன்னு ஃபோர்மேன் ஒரு சிட்டு எழுதித் தருவாரு. அதைப் பார்த்து நான் அடிப்பேன். அதே சிட்டைப் பார்த்து சிவகாமசுந்தரி மறுபடி அடிப்பா. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா மெஷின் பீப்னு கத்திட்டுப் பூட்டிக்கும்.

சிவகாமியோட ஆப்பரேட்டர் நம்பர் 07. நாலு எண் அடிப்பா, நிறுத்துவா, கண்ணாடியை மேல தள்ளிக்குவா, அப்புறம் அடுத்த நாலு எண். ஆறு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து கேட்ட தாளம் அது.

ஒரு நாள் மேனேஜர் ஆம்ப்ரோஸ் வந்தாரு. "இனிமே சிட்டை ஃபேக்ஸ்ல அனுப்பிடுவோம். தஞ்சோங் பகார் ஹெட் ஆபீஸ்லேருந்தே டெலிஃபோன் லைன்ல செக் பண்ணுவாங்க. இங்க ரெண்டு பேர் எதுக்குலா?"

அவ்வளவுதான். சிவகாமியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாவி மனுஷன், அவ முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. அவ புருஷன் கோவிந்தசாமி எங்க பட்டறையிலதான் பெயிண்டர். பொங்கோல் வீட்டுலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணா வருவாங்க. அதுக்கப்புறம் அவர் மட்டும் தனியா வந்தாரு.

மூணு வாரம் போச்சு. ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டுட்டு வந்து உட்கார்றேன், ஹெட் ஆபீஸ் டெலிஃபோன் லைனுக்குன்னு வெச்ச பெட்டியில பச்சை லைட் மினுக்குது. ஓஹோ, ஹெட் ஆபீஸ்ல ஆரம்பிச்சுட்டாங்க போல. திரைக்கு அடியில பார்த்தேன். செக் பண்ற ஆள் நம்பர் 07.

அவ நாற்காலியில சூடு ஆறல, அதுக்குள்ள அவ நம்பரை எவளுக்கோ தூக்கிக் கொடுத்துட்டாங்க! எனக்கு வயிறு எரிஞ்சுது.

அப்புறம்தான் கவனிச்சேன். பச்சை லைட் நாலு தடவை மினுக்குது. நிக்குது. மறுபடி நாலு தடவை. நிக்குது...

கண்ணாடியைத் தள்ளிக்கிற நேரம்.

சும்மா இருடி, யாரோ புதுப் பொண்ணுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மணி 4:10. 4471ங்கிற ஆள். நாலு மணிக்கு வெளிய வந்துட்டார்னு சிட்டுல இருந்துச்சு. அடிச்சேன்.

பீப்.

அந்தப் பக்கம் அடிச்சது 0000. இன்னும் வெளிய வரலைன்னு அர்த்தம்.

மறுபடி அடிச்சேன். பீப். 0000.

சத்தம் கேட்டு ஆம்ப்ரோஸ் வந்தாரு. "சிட்டுல இருக்குல்ல? அப்புறம் என்ன?" தன் சாவியைப் போட்டுத் திருகினாரு. மேனேஜர் சாவிக்குத் திறக்காத பூட்டே கிடையாது.

பீப்.

பீப்... பீப்... பீப்...

4471 யாருன்னு தேடினேன்.

கோவிந்தசாமி.

ஐயோ மாதாவே!

ஃபோனைப் பிடுங்கிக் கப்பல்துறைக்கு அடிச்சேன். ஃபோர்மேன் ஜமால் முகம்மது எடுத்தாரு.

"அண்ணே, கோவிந்தசாமி எங்க?"

"எல்லாரும் ஏறிட்டாங்கலா. மூடியைப் போடப் போறோம்."

"எண்ணினீங்களா?"

அவர் "கோவிந்தசாமி!"ன்னு கத்திக் கூப்பிடுறது ஃபோன்ல கேட்டுச்சு.

"உள்ள போய்ப் பாருங்கண்ணே!"

ஏணிக்கு அடியில கிடந்தாராம். பெயிண்ட் நெடியில மயங்கி... ஆனா மூச்சு இருந்துச்சு.

பீப் நின்னுடுச்சு. பச்சை லைட்டும் அணைஞ்சுடுச்சு.

அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லணும்னு ஹெட் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணேன். உர்சுலான்னு ஒருத்தி எடுத்தா.

"எந்தப் பொண்ணு? எங்க மெஷினைப் பெட்டியை விட்டே இன்னும் எடுக்கல. லைன் கொடுக்கிறது அடுத்த மாசம்தான்லா."

ஃபோனை வெச்சேன். ஆம்ப்ரோஸ் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவகாமி கட்டில் பக்கத்துல இருப்பா, கட்டிப் பிடிச்சு அழணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். அவ இல்ல. வராந்தாவுல அவங்க பக்கத்து வீட்டு செல்லக்கண்ணு நின்னாரு. கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு.

காலையில 11 மணிக்கு சிவகாமி குழாயடியில விழுந்தாளாம். அங்கேயே உயிர் போயிடுச்சு. சேதி சொல்ல அவர் 12 மணிக்கே எங்க பட்டறை கேட்டுக்கு வந்துட்டாரு. பாஸ் இல்ல, வேலை முடியட்டும்னு காவல்காரங்க வெயில்ல நிறுத்தி வெச்சுட்டாங்க. அவங்க நல்லா இருப்பாங்களா?

உள்ள போனேன். கோவிந்தசாமிகிட்ட இன்னும் யாரும் சொல்லல. மெல்லக் கண்ணைத் திறந்தாரு.

"நான் உள்ள கிடக்கிறதை யாரு பார்த்துச் சொன்னாங்கக்கா?"

பொய் சொல்ல வாய் வரல. "சிவகாமிதான்"னேன்.

அவர் முகம் மலர்ந்துச்சு.

"அவளை மறுபடி வேலைக்கு எடுத்துட்டாங்களாக்கா?"