ஞானப்பூவின் கன்னக்குழி

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினருக்கும் சிநேகிதருக்கும் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி அம்மை சொன்னார். தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அக்காள் நெய்யூருக்கு மேற்கே அப்பாவின் தென்னந்தோப்பு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மிஷன் பள்ளியில் படித்தார். கோட்டாற்றில் துணிக்கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். கடைக்குக் கதர் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரே மகள் ஞானப்பூ. நாலு வயதில் வாய் ஓயாமல் பேசுவாள். சிரித்தால் ஒரு கன்னத்தில் குழி விழும்.

ஒரு கோடையில் வாந்திபேதி வந்தது. காலையில் அத்தான் போனார், பொழுது சாயுமுன் குழந்தையும் போனாள். தொற்றுக்குப் பயந்து பாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்க அக்காளை விடவில்லை. துணிமணிகளையும் எரித்துவிட்டார்கள். ஞானப்பூவை யாரும் படம் பிடித்து வைத்ததில்லை.

அக்காள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். சில வருஷங்கள் கழித்து, நெல் புடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"ஏட்டி, ஞானப்பூவுக்கு எந்தக் கன்னத்துல குழி?"

"இடது கன்னத்துலக்கா."

அடுக்களையிலிருந்து அம்மை, "இல்ல மக்கா, வலதுல்லா," என்றார்.

அக்காள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கே தெரியல்லியே. பெத்தவளுக்கே மறந்து போச்சே."

அன்று தொடங்கியது. வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதையே கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்த உபதேசியார், பரலோகத்தில் பிள்ளையைத் திரும்பக் காணலாம் என்றார்.

"அங்க எத்தனையோ பிள்ளைய நிக்கும்லா அய்யா. முகம் தெரியாம எம் பிள்ளைய நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

உபதேசியார் ஜெபம் சொல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

கடைசியாக என்னை அழைத்துக்கொண்டு கோட்டாற்றுக்குப் போனார். அங்கே பக்கத்து வீட்டு உம்மா ஞானப்பூவை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவர். அவரிடமும் அதையே கேட்டார்.

"குழியா? பிள்ளைக்குக் குழி இருந்ததா எனக்கு ஓர்மையே இல்லியே, மோளே."

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்த அக்காள் எழவில்லை. தண்ணீர்கூட வற்புறுத்தித்தான் கொடுத்தோம். அக்காளையும் இழந்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

ஒரு நாள் காலையில் தாமாகவே எழுந்து வந்து பழஞ்சி கேட்டார். பழைய கஞ்சியை நான் ஊற்றிக் கொடுத்தேன்.

"அவ போனா. இப்ப அவ முகமும் போச்சு. நாளைக்கு நான் அழுத அழுகையும் ஆருக்கும் ஓர்மை இருக்காது, கேட்டியா. பிடிச்சுப் பிடிச்சுக் கை ஓஞ்சு போச்சுட்டி. விட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் உப்புப் போடு."

"இவ மனசு கல்லாயிட்டே," என்று அம்மை அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பகல் முழுவதும் அக்காள் அயர்ந்து தூங்கினார். அத்தனை வருஷங்களில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். சந்தோஷமாக இருந்தார் என்று எழுதினால் பொய்யாகும். வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார், உறங்குவார். ஞானப்பூவைப் பற்றி யாராவது பேசினால் விலகிப் போகமாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார்.

காசம் பிடித்துக் கிடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு மத்தியானம், வெளியே ஐப்பசி மழை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுகொண்டார்.

"என்னத்துக்குட்டி இப்பிடிப் பாக்க? மனப்பாடம் பண்ணுகியா? நிக்காது மக்கா. போய்க் கொஞ்சம் ஒறங்கு."

சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். விழித்தபோது மழை விட்டிருந்தது. அக்காள் இல்லை.

மருந்தும் அன்பும் குறைவில்லாமல் தந்த ஆஸ்பத்திரியாருக்கும், வெள்ளம் ஊறிய கல்லறைக் குழியை இறைத்து இறைத்துத் தோண்டிய சபையாருக்கும், கோட்டாற்றிலிருந்து மாட்டுவண்டியில் நனைந்து வந்து அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த உம்மாவுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

அக்காளுக்குக் கிடைத்த சமாதானம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. எங்களைத் தேற்ற வருகிறவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.