மேல் சுனைத் தலைப்பிரட்டைகள்

எழுத்து கோணலாகத்தான் இருக்கும்; நாலாம் வகுப்போடு நின்ற கை. பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருந்தால் மாற்றி வாசித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

யுத்தம் நடந்த காலம். கயிற்றுக்குக் கிராக்கி என்று என் தாய்மாமா கற்றாழை மடல்களைக் கட்டுக்கட்டாக வெட்டி, எங்கள் குன்றின் மேல் சுனையில் கல் ஏற்றி ஊறப்போட்டார். மடல் அழுகினால்தான் நார் பிரியும். நாலே நாளில் தண்ணீர் கறுத்து நாறியது. கீழே, புல்தரை ஓரத்தில் இருந்த இன்னொரு சுனைதான் ஊருக்குக் குடிதண்ணீர்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மேல் சுனைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். பச்சைத் தவளைகள் முதலிலேயே பாறை வழியாகத் தாவிக் கீழே போய்விட்டன. சொறித்தவளைகள் போகவில்லை. பகலில் கல்லிடுக்கில் கிடந்து, பொழுது சாய்ந்ததும் விளிம்புக்கு வந்து தண்ணீரைப் பார்த்து உட்காரும், இறங்காது. அதற்குள் அவற்றின் தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில மல்லாந்துவிட்டன. பெற்றவை காவலிருக்கின்றன என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டாங்கச்சியில் அள்ளி அள்ளிக் கீழ்ச் சுனையில் விட்டேன். இருட்டும்வரை நடை.

மறுநாள் காலை அத்தை, மாமாவின் மனைவி, குடத்தை வாசலில் வைத்தாள்.

"இங்க வந்து பாருங்க. கொடத்துக்குள்ள தவக்களைக் குஞ்சு நீந்துது. எந்தப் பயலோ அள்ளிப் போட்டுருக்கான்."

கற்றாழைத் தண்ணீர் பட்டால் அரிக்கும். முழங்கை வரை தடித்துச் சிவந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்து நான் சொறிந்துகொண்டிருந்தேன். ஊரில் அப்படிக் கை சிவந்திருந்தவர் இன்னொருவர்தான், மாமா.

அவர் என்னைப் பார்த்தார். "எவனும் போடலடி. மழையில மேச்சுனை வழிஞ்சு இங்கிட்டு வந்துருக்கும். துணியக் கட்டி மொண்டுக்க."

அத்தை வானத்தைப் பார்த்தாள். "ஆமா, பெரிய மழை" என்று உள்ளே போனாள்.

அன்றே மாமா கட்டுகளை மேலேயிருந்து இழுத்து வந்து, தரிசில் குழி வெட்டி அதில் ஊறப்போட்டார். மேலே ஏறினால் முட்டி வலிக்கிறதாம். சாயங்காலம் என் கைகளுக்கு நல்லெண்ணெய் தடவினார். ஏன் அரிக்கிறது என்று கேட்கவில்லை. தப்பித்தேன் என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

மாதம் திரும்பியதும் மிளகளவு சொறித்தவளைகள் கீழ்ச் சுனைப் புல்லில் ஏறின. அத்தை குடத்தோடு அவற்றை மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

நான் தூங்கும்போது மழை பெய்திருக்கும், அதை வைத்துத்தான் மாமா அப்படிச் சொன்னார் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

1972, ஐப்பசி 9. வெளியே நிஜமாகவே மழை.